இந்த சீசன் முடியட்டும்

கோடை இன்னும் வாசலுக்கு வரவில்லை, அதற்குள் அதற்கான சரக்கு வந்து இறங்கிவிட்டது. கடை முன்னால் நின்ற மினி லாரியின் மேலிருந்து லாரிக்காரன் தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தள்ளிவிட, கீழே நின்று வாங்கினாள் தங்கச்சி. பிளாஸ்டிக் தாள் இறுக்கிச் சுற்றிய கட்டு. பிடித்துத் தூக்க ஒரு விளிம்பு இருக்காது. கையில் வியர்வை பட்டால் மீன் மாதிரி வழுக்கும். நெஞ்சோடு அணைத்து, முட்டியால் ஒரு உந்து உந்தினால்தான் தோளுக்கு ஏறும். ஏறினால் கழுத்து நரம்பு சுண்டும். சுண்டினால் சுண்டட்டும் என்று நடக்க வேண்டியதுதான். நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அடுத்த கட்டு காலில் விழும்.

தங்கச்சி என்பது அவள் பெயர் இல்லை. அவள் கடைக்காரரின் கூடப்பிறந்தவள். அண்ணன் நாள் முழுக்க 'தங்கச்சி அதை எடு, தங்கச்சி இதை வை' என்று கூவிக் கூவி, கடைசியில் தெருவே அவளை அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டது. பால் பாக்கெட் வாங்க வரும் பொடிசுகள் கூட, "தங்கச்சி, ஒரு பாக்கெட்" என்றன. எதிர்வீட்டுக் கிழவர் பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, "தங்கச்சி, ஒரு பிளேடு" என்பார். காதோரம் நரைத்துவிட்டது அவளுக்கு. முட்டி பிடித்துக்கொள்கிறது. இருந்தும் தங்கச்சிதான்.

அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடையில் ஓடுகிற ஒரே மின்விசிறி அவரைப் பார்த்துத்தான் ஓடும். ஆள் கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் சிரிக்க வைத்து அனுப்புவார். அந்தச் சிரிப்பில்தான் அவள் ஏமாந்தாள், ஒவ்வொரு வருஷமும்.

கல்யாணம் செய்துகொண்டவன் சரியில்லை என்று அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஒரு கையில் துணிப்பை இருந்தது, இன்னொரு கையில் சாக்கில் சுற்றிய ஒரு இரும்பு இருந்தது. பழம் பிழிகிற இயந்திரம். கரண்ட் வேண்டாம். பாதிப் பழத்தைக் கிண்ணத்தில் கவிழ்த்து நீளமான கைப்பிடியை இழுத்து அழுத்தினால், தோலில் ஒரு சொட்டு மிஞ்சாது. முன்னே அவள் வேலை பார்த்த ஜூஸ் கடையை மூடியபோது, முதலாளி கொடுக்க வேண்டியதற்குப் பதிலாக அதைத்தான் தூக்கிக் கொடுத்தான். அவளும் அதைத்தான் கேட்டாள்.

கடைவாசலுக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. கம்பி போட்ட பழைய மரஜன்னல். ஒரு கிளாஸ் தாராளமாக நுழையும் கம்பி இடைவெளி. அதன் அடியில் ஒரு மேசை போடுகிற அளவுக்கு மூலை. அதில் விலை போகாத குடைகள், வளைந்த துடைப்பங்கள், முள் உடைந்த தராசு எல்லாம் குப்பையாகக் கிடந்தன.

"அண்ணே, அந்த மூலையை எனக்குக் குடு. நான் ஜன்னல்ல ஜூஸ் போடுறேன். உன் கல்லாவுக்கு நான் குறுக்க வரமாட்டேன்" என்று வந்த புதிதில் கேட்டாள்.

"அதுக்கென்ன, உனக்கில்லாததா! இந்த சீசன் முடியட்டும்" என்றார் அண்ணன்.

சீசன் முடிந்தது. மழை வந்தது. மழையில் நனைந்துகொண்டு எவன் வந்து ஐஸ் போட்ட ஜூஸ் குடிப்பான்? மறுபடி வெயில் வந்ததும் கேட்டாள். "இப்பதானே சரக்கு இறங்கியிருக்கு, கடை நெறைஞ்சு கிடக்கு, இந்த சீசன் முடியட்டும்" என்றார். அடுத்த வருஷமும் அதே. மழை விடட்டும், உடனே குடை வாங்கித் தருகிறேன் என்பது போன்ற பேச்சு. வெயில்தானே ஜூஸுக்கு சீசன்? இதை அவள் அண்ணனிடம் ஒரு தடவை சொன்னாள். அவர் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என் தங்கச்சி என்னமா பேசுறா பாரு!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மூலை மட்டும் குடைகளிடமே இருந்தது.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. "நீ என்ன வெளியாளா?" என்பார். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, சுமக்க மூட்டை உண்டு.

இந்த வருஷம் லாரியின் கடைசிக் கட்டையும் இறக்கி வைத்துவிட்டு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, அண்ணன் தானாகவே சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஜன்னல் மூலையைக் காலி பண்ணிடு. இந்த வருஷம் அதை சும்மா போட்டு வைக்கக்கூடாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவாண்ணே?"

"பின்ன? பேச்சுக்கா சொல்றேன்? நல்லா கழுவி விடு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் கை நழுவிவிடும் என்று ஒரு பயம். அன்றே குடைகளைக் கட்டித் தூக்கிப் போட்டாள். தராசைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தாள். மூலையில் பிசினாக ஒட்டிக் கிடந்த அழுக்கைக் கரண்டியால் சுரண்டினாள். சோப்புத்தூளைக் கொட்டி, தேங்காய் நாரால் தரையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தரை வேறு நிறமாக வந்தது. பச்சைத் தரை என்று அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இயந்திரத்தை இழுத்து, சாக்கைப் பிரித்து, துருவைத் துடைத்து, கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். பழவண்டிக்காரியிடம், "இனிமே தினம் எனக்கு ஒரு கூடை எடுத்து வை" என்று கூடச் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே முகமெல்லாம் பல்.

அண்ணன் எல்லாவற்றையும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடுவில் டீ வாங்கிக் கொடுத்தார். "மெதுவா, மெதுவா, மேல் வலிக்கப் போவுது" என்றார். இதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குப் பற்றி எரிந்தது. மற்றதையெல்லாம் கூட விட்டுவிடலாம். அந்த டீயை விட முடியவில்லை.

மறுநாள் மதியம் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன் கடைக்குள் வந்தான். குளிர்பானக் கம்பெனிக்காரன். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. நேராக ஜன்னல் மூலைக்குப் போய், கழுவிய பச்சைத் தரையில் செருப்புக் காலோடு நின்று, அளவு நாடாவை இழுத்துப் பிடித்தான்.

"கரெக்டா இருக்கு முதலாளி. நம்ம ஃபிரிட்ஜுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. ஜன்னலைத் தொறந்து வச்சா தெருவுல போறவனுக்கெல்லாம் பளிச்சுனு தெரியும்."

தங்கச்சி சிரப் பாட்டில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எந்த ஃபிரிட்ஜு?"

"கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜும்மா. ஆளைவிட உயரம். கம்பெனியே ஓசியா குடுக்குது. நீங்க எங்க பாட்டில் மட்டும் அதுல வைக்கணும். வேற குளிர்ச்சியா எதையும் இந்தக் கடையில விக்கக்கூடாது, அவ்வளவுதான்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள். கோபம் வந்தால் சாமானைப் போட்டு உடைக்கிற கை இல்லை அது. தூக்கிச் சுமக்கிறவளுக்குத்தான் எது உடைந்தால் யார் கூட்டுவது என்று தெரியும்.

கம்பெனிக்காரன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நான் அந்தத் தரையைத் தேய்க்கும்போது நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"நான் மெஷினை எண்ணெய் போட்டுத் தொடைச்சேனே, அதையும் பாத்த?"

"பாத்தேன்மா."

"எதுக்குத் தேய்க்கிறேன்னு உனக்குத் தெரியும்ல? அப்பவே வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அண்ணன் சிரித்தார். "சொல்லியிருந்தா நீ இப்படிப் பளபளன்னு தேய்ச்சிருப்பியா?"

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கும் தன் பேச்சே பிடித்துப்போய் மேலும் சிரித்தார். தங்கச்சிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அடைத்த காதுக்குள் ஏதோ ஒன்று கொதித்தது.

"சிரிக்காத. சிரிச்சு சிரிச்சே என் தோளை முறிச்சுட்ட. வருஷா வருஷம் உன் வெயிலையும் மழையையும் நான்தான் சுமந்தேன். கொசுவத்திப் பெட்டியிலேர்ந்து கோணிப்பை வரைக்கும் எல்லாத்துக்கும் இந்தக் கடையில ஒரு இடம் இருக்கு. எனக்கு இருக்கா? சொல்லு, எனக்கு எங்க இருக்கு?"

"இப்ப எதுக்குக் கத்துற? ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். இத்தனை வருஷமா நான் தூக்கிட்டுப் போறதைப் பாத்தாங்கள்ல, இப்ப நான் கத்துறதையும் பாக்கட்டும்."

அண்ணனுடைய முகத்தில் சிரிப்பு வற்றிவிட்டது. ஆனால் வாய் பழக்கத்துக்கு ஓடியது. "ஓசியில வர்றதை எவனாவது வேணாம்பானா? கொஞ்சம் புரிஞ்சுக்கோ தங்கச்சி. இந்த சீசன் முடியட்டும்..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை முழுசாகக் கேட்டால் தான் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணி மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அண்ணி மெலிந்த உடம்பு, சுருக்கமான பேச்சு. வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே சில நாள் தெரியாது. அன்றைக்கு அவள் தங்கச்சியின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வைத்துவிட்டு, "நாளைக்கு மீதி லோடு வருது" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி குடோனுக்குக் கிளம்பினார். ஃபிரிட்ஜைக் கீறல் இல்லாமல் தானே பார்த்து எடுத்து, அவர்களுடைய வண்டியிலேயே ஏறி வருவதாகத் திட்டம். போகும்போது, "வர்ற சரக்கை அடுக்கி வச்சிரு. வழியெல்லாம் அடைச்சு வைக்காத" என்றார். அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதுதான் அண்ணனுக்குப் பழக்கமான பதில் என்பதால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லோடு வந்தது. தண்ணீர்க் கட்டு, சிரப் பாட்டில், பழரசப் பாக்கெட், குளுக்கோஸ் டப்பா, வேர்க்குருப் பவுடர், கொசுவத்தி, காகிதக் கப். கோடையின் மொத்தமும் பெட்டி பெட்டியாக நடைபாதையில் வந்து உட்கார்ந்தது.

இனி அவள் அடுக்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். அண்ணன் அடுக்கினால் ஒரு பெட்டியின் தலையில் நேராக இன்னொரு பெட்டி ஏறும். விரலால் தள்ளினால் மொத்தமும் சாயும். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். ஒரு வரிசையை நீளவாக்கில் வைத்தால் மேல் வரிசையைக் குறுக்குவாக்கில் வைப்பாள். இரண்டு பெட்டியின் இணைப்பு மேலே வருகிற பெட்டியின் நடுவயிற்றில் போய் முடியும், கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி. வழுக்குகிற தண்ணீர்க் கட்டுக்கு நடுவில் பழைய அட்டையைப் பிரித்துப் போடுவாள். கனமானது அடியில், காற்று மாதிரி இருப்பது உச்சியில். அவள் அடுக்கியதிலிருந்து நடுவில் ஒரு பெட்டியை உருவ முடியாது. ஏணி போட்டு மேலிருந்துதான் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எந்தக் கோடையிலும் அவள் அடுக்கு சாய்ந்ததில்லை.

பெரிய இரும்பு ரேக்கின் முனைக்கும் வாசல் தூணுக்கும் இடையில் ஒரு வழி இருந்தது. அந்த வழியாகத்தான் ஜன்னல் மூலைக்குப் போக வேண்டும். தங்கச்சி முதலில் தன் மேசையை உள்ளே போட்டாள். அதன்மேல் இயந்திரத்தைத் தூக்கி வைத்து நட்டு முடுக்கினாள். பழக்கூடை, குடம், கிளாஸ்கள், ஐஸ் வைக்கிற டப்பா எல்லாம் உள்ளே போயின. பிறகு வெளியே வந்து முதல் தண்ணீர்க் கட்டைத் தரையில் வைத்தாள், வழியின் குறுக்கே.

ஒன்றும் யோசிக்கவில்லை அவள். தோள் யோசித்தது, கை யோசித்தது. நீளவாக்கில் ஒரு வரிசை, குறுக்குவாக்கில் ஒரு வரிசை. முட்டி அளவுக்கு வந்தது, இடுப்பு அளவுக்கு வந்தது. 'நீ என்ன வெளியாளா' என்று ஒரு கட்டை வைத்தாள். 'மெதுவா, மேல் வலிக்கும்' என்று ஒரு கட்டை வைத்தாள். அந்த டீக்கு ஒரு சிரப் பெட்டி. கடையில் நின்ற இரண்டு பேரின் சிரிப்புக்கு இரண்டு. கழுத்து நரம்பு சுண்டியபோதெல்லாம் பல்லைக் கடித்தாள், நிற்கவில்லை. தலைக்கு மேல் போனதும் ஏணி மேல் ஏறி வைத்தாள். உச்சியில் காகிதக் கப் பெட்டிகளைச் செருகியபோது உத்தரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழங்கூட இல்லை.

தூண் ஓரமாக மட்டும், ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தாள். அதன் முன்னால் ஆணியில் புதுத் துடைப்பங்களைக் கொத்தாகத் தொங்கவிட்டாள். அப்புறம் ஏணியை அந்தச் சந்து வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு, தானும் நுழைந்தாள்.

அண்ணி கல்லாவில் உட்கார்ந்து காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் திறந்தது. எண்ணெய் போட்ட கீல் சத்தமே போடவில்லை. அந்த வழியாகப் போன பெயிண்டர் நின்றான். தலைமுடியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு.

"என்ன தங்கச்சி, உள்ள பிடிச்சுப் போட்டுட்டாங்களா? ஜாமீன் எடுக்கணுமா?"

"ஜூஸ் குடிக்கிறியா, இல்ல வாய்தான் அடிப்பியா?"

"ஆரஞ்சா?"

"ஆரஞ்சு இருக்கு, எலுமிச்சை இருக்கு."

கைப்பிடியை இழுத்தாள். இத்தனை காலம் கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்பு ஒரு முனகல் முனகிவிட்டு இறங்கியது. கிளாஸில் சாறு விழுந்த சத்தத்தைக் கேட்டு அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தால், வரவில்லை. மூக்கு விடைத்தது, அவ்வளவுதான். பெயிண்டர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸை நீட்டி, "இன்னொண்ணு" என்றான். அவனுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன் டிரைவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தையல்கடைப் பெண்கள் வந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கம்பெனி வண்டியும் வந்தது. முன்சீட்டில் அண்ணன், பின்னால் சாக்குப் போர்த்திய ஃபிரிட்ஜ், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுமைக்காரர்கள், கூடவே அந்த இஸ்திரிச் சட்டை. அண்ணன் இறங்கும்போதே ஜன்னலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டார். என்ன ஏதென்று விளங்காமல் கடைக்குள் ஓடினார். உள்ளே, ரேக்குக்கும் தூணுக்கும் நடுவே, தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு சுவர். அவர் வாங்கிப் போட்ட சரக்கில் எழுப்பிய சுவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தங்கச்சி!"

"என்ன?" என்றது சுவர்.

"என்னடி இது?"

"சரக்கு. அடுக்கி வைக்கச் சொன்ன, அடுக்கி வச்சிருக்கேன்."

"வழியை அடைக்காதேன்னு சொன்னேன்ல?"

"உன் வழி எதையும் நான் அடைக்கல. இது என் வழி."

"வெளிய வா முதல்ல!"

"வேலை இருக்கு. ஆளுங்க நிக்கிறாங்க."

கம்பெனிக்காரன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக் கடிகாரத்தையும் பார்த்தான். "முதலாளி, எனக்கு இன்னும் பல கடை இருக்கு."

அண்ணன் ஏணியைத் தேடினார். பின்கட்டில் தேடினார், கழிவறைக் கதவுக்குப் பின்னால் தேடினார். "ஏணி எங்கடி?" என்று அண்ணியைப் பார்த்துக் கத்தினார். அண்ணி மோவாயால் சுவரைக் காட்டினாள்.

அடுத்து அவர் செய்ததுதான் அண்ணன் மட்டுமே செய்யக்கூடிய வேலை. நெஞ்சு உயரத்தில் இருந்த ஒரு சிரப் பெட்டியைப் பிடித்து உருவப் பார்த்தார். அவர் அடுக்கியதாக இருந்தால் வந்திருக்கும். இது அசையவில்லை. காலைத் தூணில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். பெட்டி வரவில்லை, அட்டை மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அண்ணன் பின்னால் சாய்ந்து கொசுவத்திக் குவியலில் உட்கார்ந்தார். உச்சியிலிருந்து ஒரு காகிதக் கப் பெட்டி மட்டும் நழுவி, மெதுவாக வந்து அவர் தலையில் விழுந்து பிரிந்தது. கப்புகள் கடை முழுக்க உருண்டன.

ஜன்னலுக்கு வெளியே பெயிண்டர் வாய்விட்டுச் சிரித்தான். "தங்கச்சி, உள்ள கப்பு சப்ளை வந்துருச்சு!"

"இந்தாப்பா, நீங்க ரெண்டு பேரும் வந்து இதை எறக்குங்க" என்று அண்ணன் சுமைக்காரர்களைக் கூப்பிட்டார்.

மூத்த சுமைக்காரர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். "நாங்க ஃபிரிட்ஜ் தூக்க வந்தோம் முதலாளி. இதை எறக்கி எங்க வைக்கிறது? கடையில கால் வைக்க இடமில்ல, தெருவுல வச்சா வெயில்ல போயிடும். இதைக் கட்டினவங்கதான் பிரிக்கணும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் எலுமிச்சைக்கு நின்றுவிட்டார்.

அண்ணன் குரலை இறக்கினார். சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பேசினார். "மானத்தை வாங்காத தங்கச்சி. வெளியாளுங்க முன்னாடி... நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?"

உள்ளேயிருந்து கைப்பிடி இறங்குகிற சத்தம் நின்றது.

"கொறை வைக்கலண்ணே. நீ எனக்கு ஒண்ணுமே வைக்கல. மத்தபடி எல்லாம் சிரிப்பாவே குடுத்த. நான் கொரங்கு மாதிரி மூலையைத் தேய்ச்சேன், நீ டீ வாங்கிக் குடுத்து வேடிக்கை பாத்த. அதை நினைச்சா எனக்கு இந்தச் சுவரை இன்னும் ரெண்டு வரிசை கட்டணும் போல இருக்கு. பெட்டி தீந்துபோச்சு, நீ பொழைச்ச."

அண்ணன் அண்ணியிடம் திரும்பினார். "நீயாவது உள்ள போய் அவகிட்ட எடுத்துச் சொல்லு. நீதான் அந்தச் சந்துல நுழைவ."

அண்ணி எழுந்தாள். துடைப்பங்களை விலக்கி, பக்கவாட்டில் திரும்பி, உள்ளே போனாள். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. பிறகு கைப்பிடி இறங்குகிற சத்தம். பிறகு யாரோ குடிக்கிற சத்தம்.

"என்ன சொல்றா?" என்றார் அண்ணன்.

"ஆரஞ்சு நல்லா இருக்கு" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

"ஏய்! உன்னை எதுக்கு அனுப்பினேன்?"

"என்னையும் எங்க அம்மா வீட்டுக்கு அனுப்புறேன்னு சொன்னீங்க. எத்தனையோ சீசன் போயிருச்சு. இங்க ஜன்னல்ல நல்லா காத்து வருது, கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

கம்பெனிக்காரன் பொறுமை இழந்தான். ஃபிரிட்ஜை வெளியே நடைபாதையில் வைக்க விதி இல்லையாம். உள்ளே தள்ளி வைத்தால் தெருவுக்குத் தெரியாதாம், தெரியாவிட்டால் கொடுக்க மாட்டார்களாம். "வேற கடை பாத்துக்குறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு ஏறினான். வண்டி உறுமிக்கொண்டு திரும்பியது. சாக்குப் போர்த்திய ஃபிரிட்ஜ் முக்காடு போட்ட விருந்தாளி மாதிரி, வந்த வழியே திரும்பிப் போனது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி தெருமுனை திரும்பியதும் சிரிப்பு, கெஞ்சல் எல்லாம் கழன்றுபோய், அவருக்கும் நிஜமான கோபம் வந்தது.

"போ! இனிமே நீ இந்த வீட்டுல இருக்கக்கூடாது. உன் இரும்பைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போ!"

தெரு கப்சிப்பென்றாகிவிட்டது. பெயிண்டர் கூட வாயை மூடிக்கொண்டான். சுவருக்குப் பின்னாலிருந்து நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைக்கிற மாதிரி, தங்கச்சி சொன்னாள்.

"அதுக்கென்னண்ணே. இந்த சீசன் முடியட்டும்."

அண்ணன் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் சுவரின் உச்சிக்கு மேலாக ஏணியின் இரண்டு கால்கள் எட்டிப் பார்த்தன. மெல்லச் சரிந்து அண்ணன் பக்கம் இறங்கின. வண்டி போய்விட்டது, இனி ஏணி எதற்கு அவளுக்கு?

அன்றிலிருந்து அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அவளைப் போகச் சொல்லி இரண்டாம் தடவை அவர் சொல்லவும் இல்லை. யாராவது தண்ணீர் பாட்டில் கேட்டால் அண்ணன்தான் ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தது. மேலே கப், அதற்குக் கீழே கொசுவத்தி, பவுடர், அதற்கும் கீழேதான் சிரப்பும் தண்ணீரும். கோடை முழுக்க அவர் ஏறினார், இறங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். கட்டு கையில் வழுக்கியபோதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மின்விசிறி காலியான நாற்காலிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நரம்பு சுண்டிவிட்டதாம். தங்கச்சி பார்த்தாள். 'மெதுவா, மேல் வலிக்கும்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் விழுங்கினாள். அதைச் சொன்னால் அவளும் அவரைப் போல ஆகிவிடுவாள்.

வெயில் ஏற ஏறச் சரக்கு விற்றது, சரக்கு விற்க விற்கச் சுவர் இறங்கியது. முதலில் அண்ணனுக்கு ஜன்னலின் மேல்பாதி வெளிச்சம் தெரிந்தது. பிறகு அவளுடைய நரைத்த தலை, பிறகு கைப்பிடியைப் பிடித்து இழுக்கிற கை. கழுத்தளவு சுவர் வந்தபோது இருவர் கண்ணும் ஒரு தடவை நேருக்கு நேராகப் பட்டுக்கொண்டன. இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூட்டம் போட்டு முதல் மழை வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்ட ஒரு மதியம், சுவர் முட்டி உயரத்துக்கு வந்திருந்தது. ஒரு எட்டில் தாண்டிவிடலாம். புழுக்கம் தாங்காமல் அண்ணன் துண்டால் விசிறிக்கொண்டு கடைசித் தண்ணீர்க் கட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு எலுமிச்சை குடு" என்றார்.

தங்கச்சி பழத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "விக்கிறது ஜன்னல்ல."

"நான் உன் அண்ணன்டி."

"நீ என்ன வெளியாளான்னு நான் கேட்டேனா? ஜன்னலுக்கு வா."

அண்ணன் முட்டி உயரச் சுவரைப் பார்த்தார். தாண்டிவிடலாமா என்று ஒரு காலைக்கூடத் தூக்கினார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தூக்கிய காலை அவர் தன் பக்கமே வைத்தார். பிறகு கடையைச் சுற்றி வெளியே போய், தெருவில் இறங்கி, ஜன்னலுக்கு வந்தார். அங்கே பெயிண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் ஆயிற்றே என்று அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"நீ எதுக்கு நகர்ற?" என்றாள் அவள் பெயிண்டரிடம். "உனக்கப்புறம்தான் அவரு."